நான் முகம் சுளிக்காத நாட்கள்

குன்னூரிலிருந்து மலையிறங்கும் பேருந்தில் பர்லியாறு வந்ததும் எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றுவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஜன்னல் வழியே பழுத்த பலாவின் வாசனை ஏறும். முதலில் ஏதாவது ஒரு குழந்தையின் குல்லா போகும், பிறகு மப்ளர்கள், கடைசியாகப் பெரியவர்களின் ஸ்வெட்டர்கள். மேட்டுப்பாளையத்தில் இறங்கும்போது ஆளுக்கொரு கம்பளி மூட்டை கையில் இருக்கும்.

நான் கழற்றவில்லை. நான் ஒருமுறையும் கழற்றியதில்லை.

"வேர்த்து ஊத்துதுக்கா. கழட்டித்தான் தொலையேன்," என்றாள் என் தங்கை மல்லிகா. அவளுடைய நீல ஸ்வெட்டர் நான்காக மடிந்து மடியில் இருந்தது. எஸ்டேட் பள்ளியில் முப்பது வருடம் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தவள். கைக்குட்டையைக்கூட மூலை பார்த்துத்தான் மடிப்பாள்.

"இருக்கட்டும்."

"ஆஸ்பத்திரியில கழட்டத்தானே போற."

அவள் சொன்னது சரி. கழற்றத்தான் போய்க்கொண்டிருந்தோம். கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனை. என் மார்பகங்கள் இரண்டையும் நீக்கும் அறுவை சிகிச்சைக்கு, 'உடனிருப்பவர்' என்று அச்சிட்ட இடத்தில் ஒரு கையெழுத்து தேவைப்பட்டது. அதைப் போடுவதற்காக அவள் வந்துகொண்டிருந்தாள்.

சூப்பிரண்டு

போன வாரம் இந்தத் தொடரை, நான் பணி ஓய்வு பெற்ற நாளின் மாலையோடும் சால்வையோடும் நிறுத்தியிருந்தேன். அந்த மாலை வாடுவதற்குள் தொடங்கிய கதை இது.

அரசு மருத்துவமனை ஒன்றின் அலுவலகத்தில் இளநிலை எழுத்தராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக வெளியே வந்தேன். மருத்துவக் குழுவின் முன்னால் நிற்க வருபவர்களின் காகிதங்களைச் சரிபார்ப்பது என் வேலை. எந்தப் படிவத்துக்கு எந்த இணைப்பு, எதில் சான்றொப்பம், எதில் பச்சை மை என்று காய்ச்சலில் கேட்டாலும் சொல்வேன். எல்லோருக்கும் நான் சூப்பிரண்டு. 'சூப்பிரண்டு வந்தாச்சா?' 'சூப்பிரண்டு டீ குடிக்கிறாங்க, அப்புறம் வாங்க.' பெயருக்கும் உடம்புக்கும் மேலே போர்த்திக்கொள்ள அதைவிடக் கனமான கம்பளி எனக்குக் கிடைத்ததில்லை.

நிஜக் கம்பளியும் இருந்தது. சேலைக்கு மேலே கழுத்துவரை பட்டன் போட்ட முழுக்கை ஸ்வெட்டர், வருடத்தில் பன்னிரண்டு மாதமும். உள்ளே, தையல்காரரிடம் அளவைக் குறைத்துச் சொல்லித் தைத்த இறுக்கமான ஒரு பாடி. மூச்சு வாங்கும். குன்னூரில் படியேறினால் எல்லோருக்கும் மூச்சு வாங்கும் என்பதால் யாரும் காரணம் கேட்டதில்லை. சமவெளியில் பிறந்திருந்தால் இருபது வயதில் பிடிபட்டிருப்பேன்.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை பால்காரர் கதவைத் தட்டி, "அம்மா, பால்" என்றார். முந்தின நாள்வரை "சூப்பிரண்டுங்க, பால்" என்றவர். அவர்மேல் தவறில்லை. பதவி போய்விட்டது என்று ஊருக்கே தெரியும். ரேஷன் கடையில் ஒரு புண்ணியவான், "பாட்டிம்மா, நீங்க முன்னாடி வாங்க" என்று வழிவிட்டார். வங்கியில் மேடம். ஒரே மாதத்தில் நான் முழுப் பெண்ணாகிவிட்டேன். அறுபது வருடம் தவிர்த்த பதவி உயர்வு.

அதனால் ஆணாக ஆசைப்பட்டேன் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். யாராவது பின்னாலிருந்து பார்த்துத் தவறிப்போய் 'சார்' என்று கூப்பிட்டால், எனக்குப் பின்னால் யார் வருகிறார் என்று நானும் திரும்பிப் பார்ப்பேன். இதற்கு நான்-பைனரி என்று ஒரு சொல் இருப்பதைக் கைப்பேசியில்தான் படித்தேன். ஆண், பெண் இரண்டிலும் அடங்காதவர். படிவத்தில் 'பொருந்தாது' என்று எழுதுவோமே, அந்தக் கட்டத்தில்தான் நான் குடியிருந்திருக்கிறேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. முன்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். குரல் இப்படியே இருக்கட்டும், பெயர் இருக்கட்டும், மல்லிகா கூப்பிடும் 'அக்கா'வும் இருக்கட்டும். அக்கா என்பதையும் நான் ஒரு பதவியாகவே பார்த்தேன். ஓய்வு கொடுக்காத பதவி.

எனக்கு இல்லாத தம்பி

மனநல மருத்துவரின் கடிதம் இல்லாமல் அறுவை சிகிச்சை நிபுணர் பார்க்க மாட்டார் என்றார்கள். காகிதம் என்றதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

கோயம்புத்தூரில் இளவயதுப் பெண் மருத்துவர் ஒருவர். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"எப்ப இருந்து இப்படித் தோணுதுங்க?"

ஒரு கேள்வியைப் பார்த்தால் அதற்கு எந்தப் பதில் நிற்கும் என்று எனக்குத் தெரியும். கோப்பு திரும்பாத பதில். "சின்ன வயசில இருந்தே டாக்டர். என்னை ஆம்பளையாத்தான் நெனச்சிருக்கேன். தம்பியோட டவுசரத்தான் எடுத்துப் போட்டுக்குவேன்."

எனக்குத் தம்பி கிடையாது.

அவர் எழுதிக்கொண்டார். அடுத்தமுறை போனபோது இன்னும் நான்கு கேள்வி, இன்னும் நான்கு தயார்ப் பதில். கடிதம் வந்துவிட்டது. பிழையில்லாத ஆங்கிலம், கையெழுத்து, முத்திரை. பேருந்தில் அதை மூன்றுமுறை படித்தேன். என்னைப் பற்றியது என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை.

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும்.

தேவாலாப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த ஒருவர். சிறுவயதில் இலங்கையிலிருந்து பெற்றோருடன் வந்தவர். இலையை உருட்டும் இயந்திரத்தில் வலது கை மாட்டிக்கொண்டது. ஊனச் சான்றிதழுக்காக என் மேசைக்கு வந்தபோது கையை நீட்டிக் காட்டினார்.

"மூணு விரல் செத்துப்போச்சுங்க. ரெண்டு இன்னும் ஆடுது."

"ஆட்டாதீங்க."

"ஆடுதுங்களே."

"உள்ளே டாக்டர் மூணு பேர் இருப்பாங்க. அவங்க முன்னாடி அந்த ரெண்டும் ஆடினா உங்க கோப்பு திரும்பிடும். இன்னும் ஒரு வருஷம் அலைவீங்க. ஆட்டாதீங்க."

அவர் ஆட்டவில்லை. சான்றிதழ் கிடைத்தது. நான் நல்லது செய்ததாக நினைத்தேன், இன்றைக்கும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். சில வருடம் கழித்து கூடலூர் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். இடது கையில் டீ கிளாஸ். வலது கை சட்டைப் பைக்குள்.

"அந்த ரெண்டு விரல் எப்படி இருக்கு?"

"இப்ப ஆடுறதில்லைங்க. யாராச்சும் பார்த்துட்டா சான்றிதழைப் புடுங்கிக்குவாங்கன்னு பயந்து, ஆட்டாம ஆட்டாம அதுவும் விட்டுப்போச்சு." கோபமில்லாமல் சொன்னார். எனக்கும் ஒரு டீ சொன்னார்.

கோப்பில் இருந்தபடியே கையும் ஆகிவிட்டிருந்தது.

வரிசை

அறுவை சிகிச்சை நிபுணர் கடிதத்தை ஒரு நிமிடத்தில் படித்து முடித்தார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர்.

"உங்களுக்கு பிரஷர் இருக்குல்லங்க. அதனால பிசிஷியன் பார்க்கணும். ஹார்மோன் ஊசி ஆரம்பிச்சிடலாம். ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் மார்பு. அதுக்கப்புறம் கர்ப்பப்பை."

"மார்பு மட்டும் போதும் டாக்டர்."

"லெட்டர்ல ஆண்னு இருக்கு. ஆணா வாழ விருப்பம்னு இருக்கு. அதுக்கு ஒரு வரிசை இருக்குங்க. தாடி வரும், குரல் உடையும். அதுக்குத்தானே வந்திருக்கீங்க?"

"எனக்குத் தாடி வேண்டாம்."

அவர் என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "அப்ப லெட்டர் தப்பா?"

"லெட்டர் சரிதான். நான் சொன்னதுதான் தப்பு."

எத்தனை பேரின் காகிதங்களைத் திருப்பி அனுப்பியிருப்பேன். அன்று அவர் என் காகிதத்தை இரண்டு விரலால் தள்ளியபோது மேசையில் அது சறுக்கி வந்த ஓசைகூட எனக்குப் பழக்கமானதாக இருந்தது. "எழுதினவங்ககிட்டயே போய்ப் பேசி மாத்தி வாங்கிட்டு வாங்க. வயசு அறுபது தாண்டியிருக்கு, சொந்தத்துல யாராவது ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. கையெழுத்து வேணும்."

சொந்தத்தில் எனக்கு ஒருத்திதான்.

பீன்ஸ்

மல்லிகாவைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் போக முடியாது.

பத்து வருடம் இருக்கும். அவளுக்கு இடது மார்பில் கட்டி. புற்றுநோய் என்று உறுதியானதும் எடுத்துவிட்டார்கள். சம்மதப் படிவத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அவள் கணவர் அப்போது இருந்தார். நல்ல மனிதர், ஆனால் முதல் நாள் நர்ஸ் கட்டைப் பிரித்ததும் அவர் முகம் போன போக்கை மல்லிகா பார்த்துவிட்டாள். பிறகு அவரை அறைக்குள் விடவில்லை. வீட்டுக்கு வந்த பின் கட்டு மாற்றியதெல்லாம் நான்தான், இருபது நாளுக்கு மேல். வெந்நீர், பஞ்சு, மருந்து, புதுக் கட்டு.

அவள் அதை ஊரெல்லாம் சொல்வாள். "எங்க அக்கா மாதிரி யாரும் கட்டு மாத்த முடியாதுங்க. ஒரு நாள் மொகஞ் சுளிக்கலை. அன்னைக்கு அவ மொகத்தைப் பார்த்துத்தான் நான் பொழச்சேன்." கணவர் இறந்து, அவள் என் வீட்டுக்கே வந்துவிட்ட பிறகும், புதிதாக யாராவது வந்தால் அரை மணி நேரத்துக்குள் இந்தக் கதை வந்துவிடும். நான் எழுந்து டீ போடப் போய்விடுவேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சமையலறையில் அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன். எதை எடுக்கப் போகிறேன் என்பதை மட்டும் சொன்னேன். எப்போது அந்த ஆசை வந்தது என்பதைச் சொல்லவில்லை.

கத்தி நிற்கவில்லை. இன்னும் நாலைந்து பீன்ஸ் நறுக்கிய பிறகு கேட்டாள்.

"நோவு ஏதாச்சும் இருக்குதா?"

"இல்லை."

"நல்லா இருக்கறதையா?"

"ஆமா."

"எனக்குப் போனப்ப நான் எப்படி அழுதேன்னு உனக்குத் தெரியும். நீ வேணும்னு கேட்டு எடுத்துக்கறேங்கற." முனை கிள்ளிய பீன்ஸ் ஒன்றை என் பக்கம் தள்ளினாள். எதற்கென்று தெரியவில்லை. "ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"ஸ்வெட்டர் போட்டிருப்பேன். யாருக்குத் தெரியப்போகுது."

"யாருக்கும் தெரியாதுன்னா எதுக்கு அறுத்துக்கோணும்?"

"குளிக்கும்போது எனக்குத் தெரியுமே," என்றேன்.

கத்தியைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீ எனக்கு வந்த. நான் உனக்கு வர்றேன். புரியுதான்னு மட்டும் கேக்காதே."

மின்விசிறிக்குக் கீழே

அப்படித்தான் அன்றைக்கு அந்தப் பேருந்தில் உட்கார்ந்திருந்தோம்.

மனநல மருத்துவரின் அறையில் இரண்டு நாற்காலி. அறுவை சிகிச்சை நிபுணர் தொலைபேசியில் அவரிடம் ஏற்கெனவே பேசியிருந்தார். மருத்துவர் என் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மல்லிகாவைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா, அம்மா?" என்றார். அதுதான் முறை. தனியாகப் பேச எனக்கு உரிமை உண்டு என்பது எனக்கும் தெரியும். மல்லிகா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"அவ இருக்கட்டும்," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். ஒருவருக்கு அசலும் மற்றவருக்கு நகலும் கொடுத்துக் கொடுத்துச் சலித்திருந்தேன் என்பது ஒரு காரணம். தெரியாத காகிதத்தில் அவளைக் கையெழுத்துப் போட வைக்க மனம் வரவில்லை என்பது இன்னொன்று. இரண்டும் எழுதும்போது நன்றாகத்தான் இருக்கின்றன. அது தைரியமா கொடுமையா என்று இன்றுவரை நான் தீர்மானிக்கவில்லை.

"போன தடவை சொன்னது பொய்," என்று தொடங்கினேன். "எனக்குத் தம்பி இல்லை. ஆம்பளை ஆகணும்னு ஆசையும் இல்லை."

மருத்துவர் ஆச்சரியப்படவில்லை. "சரி. இப்ப நிஜமாவே எப்ப தெரிஞ்சுதுன்னு சொல்லுங்க."

"சின்ன வயசுலேர்ந்து ஒரு இடைஞ்சல் இருந்துச்சு. அதுக்கு என்ன பேர்னு தெரியாது. என்ன வேணும்னு தெரிஞ்சது இவளுக்குக் கட்டு மாத்தினப்ப." பக்கத்து நாற்காலியைப் பார்க்காமல் பேசினேன். "நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ. பழைய கட்டைப் பிரிச்சுட்டு மருந்து போட்டேன். இடது பக்கம் தட்டையா இருந்துச்சு. எனக்கு... எனக்குப் பொறாமையா இருந்துச்சு டாக்டர். அதுக்கப்புறம் தினமும் அதைப் பார்க்கத்தான் காத்துட்டு இருந்தேன்."

மின்விசிறி சுற்றியது. அந்த அறையில் ஸ்வெட்டர் போட்டிருந்தது நான் ஒருவர்தான்.

"அப்பவா?" என்றாள் மல்லிகா.

"ஆமா."

"கட்டு மாத்தறப்பவா?"

"ஆமா, மல்லி."

வகுப்பில் ஒரு பிள்ளை தப்பான விடை சொன்னால் மறுபடி ஒருமுறை கேட்பாள், திருத்திக்கொள்ள வாய்ப்புத் தருவதற்காக. அதே குரல். நான் திருத்தவில்லை. அவள் வலது கை மெல்ல எழுந்து இடது தோளைப் பிடித்துக்கொண்டது. சேலைத் தலைப்பை இழுத்து அந்தப் பக்கத்தை மூடினாள். பத்து வருடத்தில் என் முன்னால் அவள் அதை மூடியது அதுதான் முதல்முறை.

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். "ஹார்மோன் வேண்டாம், மார்பு மட்டும் போதும்னு வர்றவங்க இருக்காங்க. நான்-பைனரின்னே எழுதிக் கொடுக்கலாம். அதுக்கும் லெட்டர் உண்டுங்க. முதல் நாளே இதைச் சொல்லியிருந்தாலும் எழுதியிருப்பேனே."

உண்மையைச் சொல்லியிருந்தாலும் கோப்பு திரும்பியிருக்காது. முதல் நாள் அந்த அறையில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். மல்லிகா குன்னூரில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கே நான் சொன்னதை அந்த மருத்துவர் எழுதிக்கொண்டிருப்பார், கதவுக்கு வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. எல்லா நடைமுறையும் தெரிந்த ஆள் நான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது என்ற ஒரு நடைமுறையை விட்டுவிட்டேன்.

புதிய கடிதத்தோடு நிபுணரிடம் போனோம். அவர் முன்னால் ஸ்வெட்டரைக் கழற்றினேன், பாடியைக் கழற்றினேன். பேனாவால் கோடு போட்டுப் பார்த்தார். ஒன்றுமே வலிக்கவில்லை. வெளியே வந்தபோது மல்லிகா படிவத்தை முழுக்கப் படித்து முடித்திருந்தாள். உறவுமுறை என்ற இடத்தில் 'தங்கை' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். கரும்பலகையில் எழுதுவதைப் போலக் குண்டுக் குண்டான எழுத்து. பேனாவை மூடி என் பையில் செருகினாள்.

மேலே

திரும்பும்போது கூட்டமில்லை. மேட்டுப்பாளையத்தில் நிலக்கடலைப் பொட்டலம் வாங்கி நீட்டினேன். வாங்கிக்கொண்டாள், பிரிக்கவில்லை. கல்லாறு போனது. பர்லியாறில் வண்டி நின்றபோது முன் இருக்கைக்காரர் மப்ளரைச் சுற்றிக்கொண்டார். பேருந்து முழுவதும் கம்பளிகள் வெளியே வந்தன.

மல்லிகா தன் நீல ஸ்வெட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டாள். எப்போதும் திறந்தே விடுவாள். அன்று மேல் பட்டன்வரை போட்டாள், என்னைப் போல.

"மல்லி," என்றேன்.

"அவரு மொகஞ் சுளிச்சாரு," என்றாள் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தபடி. செத்துப்போன கணவரைத்தான் சொன்னாள். "அதுக்காக கடைசிவரைக்கும் அவரை நான் மன்னிக்கலை. பாவம், அவரு என் வலியைப் பார்த்துத்தான் சுளிச்சிருப்பாரு."

இரண்டு வளைவுகள் போயின. மூடுபனி சாலைக்கு இறங்கத் தொடங்கியிருந்தது. ஓட்டுநர் விளக்கைப் போட்டார்.

"கையெழுத்துப் போட்டுட்டேன். கூட வர்றேன், ஆஸ்பத்திரியில இருக்கறேன், சோறு ஆக்கித் தர்றேன்," என்றாள். "கட்டு மாத்த மட்டும் என்னைக் கூப்பிடாதே."

கூப்பிடவில்லை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஊருக்கு வந்த பிறகு கட்டு மாற்றக் கீழ்த்தெருவிலிருந்து ஒரு நர்ஸ் வருவார். அவர் வரும் நேரத்துக்கு மல்லிகா வெந்நீர் காய்ச்சி, கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கேரட் பாத்திக்குப் போய்விடுவாள். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் பழைய கதையை அவள் சொல்வதில்லை. நானும் டீ போட எழுந்து போக வேண்டியதில்லை.

நர்ஸ் அனுபவசாலி. முதல் நாள் கட்டைப் பிரித்தபோது குனிந்து பார்த்தேன். நான் கேட்டது அங்கே இருந்தது, தையல்களோடு, தட்டையாக. அவர் முகத்தையும் பார்த்தேன். சுளிக்கவில்லை. என்ன நினைத்துக்கொண்டு சுளிக்காமல் இருந்தார் என்று நான் கேட்கவில்லை.